எடையால் விற்கப்படுவது

மாதிரி நான்கில் மாம்பழம் இருந்தது என்றார்கள்.
எந்த மரத்திலும் காய்த்திராத மாம்பழம்.
ஐந்தில் இனிப்பு நாக்கின் பின்புறம்
வாடகை தராத குடித்தனக்காரன்போல
காலி செய்ய மறுத்து உட்கார்ந்திருந்தது.
ஆறாவதை சோசேஃபோ ஒரே மடக்கில் குடித்துவிட்டு
‘மோசமில்லை’ என்றான்.
என் தம்பி வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.
ஆறையே எடுத்துக்கொண்டோம்.

யூட்டாவின் ஓரெம் நகரத்துத் தொழிற்சாலை.
தலைக்கு வலை, காலுக்கு உறை,
சோசேஃபோவின் தாடிக்கும் தனியாக ஒன்று.
விற்பனைப் பிரிவு டாரெல் கண்ணாடிக்கு அப்பால் காட்டினார்:
ஒரே எஃகுக் கலவைத் தொட்டி,
ஒரே வெளிர்மஞ்சள் பொடி,
காலையில் ஐடஹோக்காரர் ஒருவரின் ‘சிகரம்’,
மதியம் ஒரு யோகா ஆசிரியையின் ‘அமைதி’,
வியாழக்கிழமையிலிருந்து என்னுடையது.
பெற்றவள் ஒருத்தி, பேர் வைப்பவள் வேறொருத்தி.
‘எல்லாரும் இப்படித்தான்’ என்றார்
ரகசியம்போலக் குரலைத் தாழ்த்தி.
அது ஏமாற்றமா நிம்மதியா என்று பிடிபடுவதற்குள்
கையெழுத்துப் போட்டிருந்தேன்.

குறைந்தபட்சம் ஆயிரம் டப்பா.
குறைந்தபட்சம் என்றால்
ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில்
பதினொரு வருட இரவுகள் என்று பொருள்.
அகராதியில் இருக்காது.

‘மாஃபனா’ என்று பெயர் வைத்தேன்.
தேவாலயத்தில் டோங்கா பாடகர் குழு
கூரையைத் தொடும்போது நெஞ்சுக்குள் ஏறுமே ஒரு சூடு,
அது.
லேபிளைச் சரிபார்த்த பெண் சிவப்பு மையோடு வந்தாள்.
குணமாக்கும் என்று போடக்கூடாது,
துணைபுரியும் என்று போடலாம்.
சூடேற்றும் என்று போடக்கூடாது.
‘பெயருக்கே அதுதான் அர்த்தம்’ என்றேன்.
‘எனக்குத் தெரியாத மொழி’ என்று
சிவப்பு மையை மூடினாள்.

கீழே ஓரத்தில் ஒரு வரி:
எடையால் விற்கப்படுகிறது, கொள்ளளவால் அல்ல.
எல்லா டப்பாவிலும் போடுவதுதான் என்றார் டாரெல்.
பூ வேலைப்பாட்டைக் கெடுக்கிறது,
எழுத்தைச் சின்னதாக்குங்கள் என்றேன் நான்.
நானேதான்.

பிப்ரவரி. எண்பத்து நான்கு அட்டைப்பெட்டிகள்
கராஜுக்குள் ஏறின,
வண்டி வெளியே பனிக்குப் போனது.
முதல் இருபத்திரண்டு டப்பா சித்திகள் வாங்கினார்கள்.
அது வியாபாரம் இல்லை, மொய்.
இருபத்து மூன்றாவது, நெப்ராஸ்காவில்,
எனக்கு உறவே இல்லாத ஒருவர்.
அன்றிரவு சலவை இயந்திரங்களுக்கு நடுவே
தனியாக ஒரு சுற்று ஆடினேன்.

ஒன்பதாம் நாள் அவர் எழுதினார்:
‘பாதி காலி. கரண்டியும் இல்லை.
இதற்குப் பெயர் வியாபாரமா?’

கூடவே ஒரு படம்.
மூடிக்குக் கீழே ஒரு கைப்பிடி வெறுமை,
குற்றம் சாட்டும் அளவுக்குத் துல்லியமாக.

இன்னொரு டப்பாவைத் திறந்தேன். அதேதான்.
சமையல் தராசில் கொட்டினேன்: முந்நூறு கிராம்,
மேலே இரண்டு.
குறைகுடம் கூத்தாடும் என்பார்கள்.
இந்தக் குடமோ நிறைந்துதான் புறப்பட்டது,
வழியெல்லாம் லாரி கூத்தாட வைத்துத்தான்
குறைந்த முகத்தோடு போய்ச் சேர்ந்தது.
அடுத்த டப்பாவில் மணிக்கட்டுவரை கையை விட்டேன்.
அடியில், யாரும் கூப்பிடாத பிள்ளைபோல,
கரண்டி.

நெப்ராஸ்காவுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.
‘எடை சரியாக இருக்கிறது, ஐயா’ என்றும் எழுதினேன்.
பிறகு அந்த வரியை மட்டும் அழித்தேன்.

அடுத்த தவணைக்கு எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னேன்.
‘புது அச்சுக்குத் தனிக் கட்டணம்’ என்றார் டாரெல்,
ஆச்சரியமே இல்லாமல்.

மிச்சம் தொள்ளாயிரத்துச் சொச்சம்
கண்ணுக்குத் தெரியாத எழுத்தோடு அடுக்கியிருந்தது.
சோசேஃபோ தடித்த கறுப்புப் பேனாவோடு
பனிக்காலணிகூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தான்.
என்னைக் கேட்கவில்லை.
முதல் மூடியில் எழுதினான்,
இரண்டாவதில், மூன்றாவதில்,
ஒரே ஒரு சொல்:

தோண்டு.