எட்டாம் நம்பர் தொட்டி

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஒரு கறுப்புத் தொட்டி, எட்டாம் நம்பர்.
லாரி வரும் நேரம் லாரிக்கே தெரியாது.
அதனால் வரிசையில் நாங்கள் நிற்பதில்லை.
எங்களுக்காக நிற்பவை:
அரைச் செங்கல், வார் அறுந்த செருப்பு,
பிடி கழன்ற குக்கர்,
உள்ளே மண் போட்டுக் கனமாக்கிய பெயின்ட் டப்பா.

நாகபூஷணம் இருந்தவரைக்கும்
முதல் பத்து இடம் அவருடையது.
இடத்துக்கு ஐந்து ரூபாய், கத்திரியில் பத்து.
கத்தி நான் கேட்டதில்லை.
சிவப்பு நாற்காலியில் சாய்ந்து
பல் குத்திக்கொண்டே
ஒரு செங்கல்லைக் காலால் பின்னுக்குத் தள்ளுவார்.
ஒரு வீடு அன்றைக்குக் குளிக்காது.

நாலு நாள் வராத லாரி வந்த மத்தியானம்
நாற்காலி கவிழ்ந்தது.
கவிழ்த்தது யாரென்று அன்றைக்குத் தெரியவில்லை.
இன்றைக்குப் பதினாறு பேர் இருக்கிறார்கள்.
உடைக்கப் போன பையனைத் தடுத்தாள் தேசம்மா:
"நல்லாத்தானே கீது, உள்ள வை."
எல்லோரும் சிரித்தோம்.

ஸ்டெல்லா நோட்டுப் போட்டாள்.
வீட்டுக்கு எத்தனை தலை,
கைக்குழந்தை உண்டா,
ராத்திரி ஷிப்ட் முடிந்து வருவது யார்.
கட்டம் கட்டி, சிவப்பு மையில் கூட்டி,
இரண்டாவது குழாய் கேட்டு மனு,
மனுவுக்கு நகல்,
நகலுக்கு எங்கள் கைநாட்டு.
அவள் பேச ஆரம்பித்தால்
இரண்டு கூட்ஸ் வண்டி போய்விடும், கேட் திறந்து மூடிவிடும்,
அவள் இன்னும் மூன்றாவது பாயிண்டில் இருப்பாள்.
கொட்டாவி விட்டோம்.
நியாயம் இத்தனை நீளம் என்று
எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தேசம்மா எதையும் எழுதவில்லை.
டிரைவருக்கு டீ. கிளீனருக்கு இரண்டு பஜ்ஜி.
கேரம் ஆடும் நாலு பையன்களுக்கு ஞாயிறானால் குஸ்கா.
எந்த வீட்டில் சாவென்றாலும் முதல் மாலை அவளுடையது.
என் மகன் ஜன்னி கண்ட ராத்திரி
ஆட்டோ பிடித்து ஸ்டான்லிக்குத் தூக்கிப்போனவளும்
அவள்தான்.
இதை எழுதாமல் விட்டால்
என் கணக்கும் பொய்க் கணக்கு.

குழாயா, இருப்பதே போதுமா?
கை தூக்கச் சொன்னார்கள்.
பையன்கள் பின்னால் நின்றார்கள், சும்மாத்தான்,
ஸ்ட்ரைக்கரைக் கட்டைவிரலில் சுண்டிச் சுண்டிப் பிடித்துக்கொண்டு.
என் கை தோள்வரை போனது.
அப்புறம் முடியைச் சரிசெய்தது.

மறுவாரம் நோட்டைக் காணோம்.
மனுவைக் காட்டிக் காசு வாங்கினாள் என்று
யாரோ சொன்னதாக எல்லோரும் சொன்னோம்.
ஸ்டெல்லா மணலிப் பக்கம் வீடு பார்த்துப் போனாள்,
மூட்டை முடிச்சு, ஒரு தையல் மெஷின்,
ஒரே டாட்டா ஏஸில்.

இப்போது இடத்துக்குக் காசு கிடையாது.
மாதம் நூறு, பேர் பராமரிப்பு.
சிவப்பு நாற்காலிக்கு ஒரு குஷன் வந்திருக்கிறது.
நோட்டு நான் எழுதுகிறேன்.
என் கையெழுத்து அழகாம்,
தேசம்மாவே சொன்னாள்;
என் குடம் மூன்றாவது இடத்துக்குள் எப்போதும்.

நாகபூஷணம் குடத்தோடு வருகிறார்,
எங்களைப் போலவே.
நேற்று அவருடைய செங்கல்லை
தேசம்மா காலால் பின்னுக்குத் தள்ளினாள்.
அவர் கோபப்படவில்லை.
அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்,
டிரைவிங் கற்றுக்கொடுத்தவன்
பையன் முதல் தடவை கியர் மாற்றுவதைப் பார்ப்பதுபோல.

ஒன்று மட்டும் நோட்டில் ஏறவில்லை.
விடிகாலை வரிசையில் தினமும் ஒரு நீல டைல்ஸ் துண்டு,
மூலை உடைந்தது. ஸ்டெல்லாவுடையது.
மணலியிலிருந்து அதுவாக நடந்து வராது.
தேசம்மா கேட்டாள், பையன்கள் கேட்டார்கள்,
நாகபூஷணம் கேட்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

நான் இல்லை என்றேன்.
லாரி வந்தது. வரிசை நகர்ந்தது.
டைல்ஸையும் யாரோ
ஒரு இடம் முன்னால் நகர்த்தியிருந்தார்கள்.