இருபது அடி

பந்திங் பெரிய சாலையில்
டயர் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் என் கடை.
ஆகஸ்ட் பதினொன்று, ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது,
கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஹியூ அழைக்கிறார்:
"கொசோங் இல்லை."

கொசோங் என்றால் காலி.
தினமும் காலையில் எதிர்க்கடையில் நான் கேட்பது
தே ஓ கொசோங், சீனி போடாத தேநீர்.
அது எப்போதும் கிடைக்கும்.
ஹியூ சொல்வது வேறு கொசோங்:
இருபதடி நீளம், எட்டடி அகலம்,
மூலையில் துரு, வயிற்றில் ஒன்றுமில்லாத இரும்புப் பெட்டி.

சென்னையில் சரக்கு தயார்.
எவர்சில்வர் அண்டா நூற்று நாற்பது,
குண்டான், தவலை, சொம்பு,
ஆறு பேல் ரவிக்கைத் துணி.
கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஓடுகிறது.
ஏற்றத்தான் பெட்டி இல்லை.

"செங்கடலில் தகராறு" என்றார்.
"நம்ம கப்பல் அந்தப் பக்கமே போகாதே, ஹியூ?"
"கப்பல் போகாது. பெட்டி போயிடுச்சு.
காசு அதிகம் கிடைக்கிற பாதைக்கு.
ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு
மெதுவாகத் திரும்பி வரும்."

அரிசிப் பஞ்சம் கேள்விப்பட்டதுண்டு.
தண்ணீர்ப் பஞ்சத்துக்கு வீட்டில் நான்கு டிரம் வைத்திருக்கிறேன்.
ஒன்றுமில்லாததற்குப் பஞ்சம் வந்து
இப்போதுதான் பார்க்கிறேன்.

அடுத்த கப்பல் என்றார்கள்.
பிறகு அதற்கும் அடுத்தது.
தீபாவளிக்கு முப்பத்தொரு நாள் இருந்தபோது
மேலே பார்த்தேன்.
செப்பாங்கில் இறங்கப் போகும் விமானங்கள்
எங்கள் செம்பனைக்கு மேல்தான் சக்கரத்தை விரிக்கும்.
அலமாரித் தட்டுகள் கிணுகிணுக்கும்.

கிலோவுக்குப் பதினான்கு வெள்ளி.
அண்டா நான்கு கிலோ,
ஐம்பத்தாறு வெள்ளி என்று விரல் மடக்கினேன்.
"இல்லை, பதினெட்டு கிலோ" என்றார் ஹியூ.
நீளம் அகலம் உயரம் பெருக்கி
ஆறாயிரத்தால் வகுப்பார்களாம்.
"உள்ளே இருக்கிற காற்றுக்கும் சேர்த்து."
எண்பத்தைந்து வெள்ளி அண்டா
பறந்து வர இருநூற்று ஐம்பத்திரண்டு.

கடலில் காலி இடம் கிடைக்கவில்லை,
ஆகாயத்தில் அதையே எடை போட்டு விற்கிறார்கள்.

அன்று இரவு சென்னைக் கிடங்கு சவரிராஜுக்குப் போன் போட்டேன்.
பதினெட்டுக்குக் காசு வாங்குகிறான் அல்லவா,
பதினெட்டையும் நிரப்பு.
அண்டாவுக்குள் குண்டான்,
குண்டானுக்குள் தவலை,
தவலைக்குள் சொம்பு,
சொம்புக்குள் ரவிக்கைத் துணியைச் சுருட்டித் திணி.
முப்பது அண்டா போதும்.
ஒரு பிடி காற்று கூட எனக்கு அனுப்பாதே.
அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது.
பிரிக்கப் பிரிக்க உள்ளே இன்னொன்று.
கடைசியாக ஒரு சொம்பிலிருந்து
மயில் கழுத்து நிறத்தில் ஒரு துணி,
கசங்கி, மெஷின் எண்ணெய் வாசத்தோடு.

புக்கிட் சீடிம் பக்கமிருந்து அஞ்சலைதேவி வந்தார்,
மகன் நிச்சயதார்த்தத்துக்கு அண்டா வாங்க.
"போன வருஷம் எண்பத்தஞ்சு, இப்ப நூத்தி இருபதா?"
செங்கடல் அக்கா, என்றேன்.
"நான் பந்திங்கையே தாண்டினதில்ல.
எனக்கு எதுக்கு செங்கடல் கணக்கு?"
நூற்றைந்து கொடுத்தார்.
மீதிப் பதினைந்தைச்
செங்கடலிடம் நான் போய்க் கேட்க முடியாது.

பெட்டி வந்தது,
தீபாவளி முடிந்து பன்னிரண்டாம் நாள்.
பின் சந்தில் லோரியை நிறுத்தி
ஷாஜலாலும் அவன் தம்பியும் இறக்கினார்கள்.
நூற்றுப் பத்து அண்டா, கேட்பாரில்லாமல்,
வெயிலில் கண்ணைக் கூச வைத்தன.

கடைசியில் ஷாஜலால் பெட்டியைப் பெருக்கினான்.
நான் ஏறி உள்ளே நின்றேன்.
தரைப் பலகை, நூல் துணுக்கு, சூடு.
எங்கோ ஒருத்தி இதற்காகக்
கிடங்கு வாடகை எண்ணிக்கொண்டிருப்பாள்.
மூன்று நாளில் திருப்பாவிட்டால் எனக்கு அபராதம்.

மறுநாளே கிள்ளானுக்கு அனுப்பிவிட்டேன்.
கொசோங் ஒன்று, பெற்றுக்கொண்டோம்
என்று ரசீது வந்தது.
ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன்.