ஜூன் ஒன்று

மார்பில் ஒரு கட்டி.
அவரிடம் சொல்லவில்லை. மதினியிடமும்.
முக்கூடல் உறங்கிய பிறகு
பீடித்தட்டை நகர்த்திவிட்டு
போனிடம் கேட்டேன்.

பதினெட்டு ஆயிற்றா, நிரூபி என்றது.
ஆதாரைக் காட்டினேன்.
முகத்தைக் காட்டு.
இடப்பக்கம் திரும்பு. கண் சிமிட்டு.
பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இத்தனை தடவை திருப்பவில்லை.

ஆதாரில் இருப்பது ஜூன் ஒன்று,
ஞானமுத்து வாத்தியார்
எங்கள் வகுப்பில் பதினாலு பேருக்குப் போட்ட
ஒரே பிறந்தநாள்.
நான் பிறந்தது ஐப்பசிக் கடைசியில்,
ஆற்று வெள்ளம் கோயில் படியேறிய ராத்திரி.

பச்சை டிக் விழுந்தது.
பொய்யைச் சரிபார்த்துவிட்டு
நிஜ முகத்தை எடுத்து வைத்துக்கொண்டது.
எங்கே வைத்தாய் என்று கேட்க
அதில் பொத்தான் இல்லை.

இப்போது கேள் என்கிறது.
பேரும் முகமும் தெரிந்துபோன ஒன்றிடம்
எப்படிக் கேட்க?