மீன்பாசி ஏலம், பக்கம் நாற்பத்தொன்று

கூட்டம் பிள்ளையார் கோயில் முன்னால், ராத்திரி எட்டேகாலுக்கு.
வந்தவர்கள் அறுபத்து மூன்று. கையெழுத்து ஐம்பத்தொன்று.
மிச்சம் கைநாட்டு.
எழுதியவள் கண்மாய்ச் சங்கத்துப் பொருளாளர் உமையாள்,
நான்தான்.

பேச்சு வாத்தைப் பற்றி.

எங்கள் கண்மாய்க்கு அது வரத் தொடங்கி நாலு வருஷம்.
சாம்பல் உடம்பு. பின்தலையில் கறுப்பாய் ரெண்டு கோடு,
திருநீற்றுப் பட்டையை அவசரத்தில்
ஒரு விரல் குறைத்துப் பின்பக்கம் பூசிக்கொண்ட மாதிரி.
பகலெல்லாம் நடுத்தண்ணீரில் தூக்கம்.
இருட்டினால் கரையேறிப் பயிருக்குள் இறங்கும்.
சேவுகனின் பின்பட்ட நடவு முக்கால் ஏக்கர்
விடிந்து பார்த்தால் ஒட்ட வெட்டிய தலை.

தீபாவளிக்கு மிஞ்சிய அணுகுண்டு ஒரு பெட்டியை
மடியில் வைத்துக்கொண்டுதான் அவன் உட்கார்ந்திருந்தான்.
பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கவில்லை.

ஏலம் எடுத்த மலைக்கண்ணு கேட்டது வேறு.
"தை பொறந்ததும் மடையைத் தெறங்க, தண்ணி வத்தட்டும்.
வெராலுக்கு வெலை நிக்கிற நேரம்.
பங்குனி வரைக்கும் வாத்துக்குக் காவலிருந்தா
எனக்கு வாத்தா காசு குடுக்கும்?"

நியாயம்தான். அப்படியே எழுதிக்கொண்டேன்.
ஏலப் பணம் வந்தால்தான் கலுங்கு பூச முடியும்.
விரிசலில் என் கை மணிக்கட்டு வரை நுழைகிறது.

அப்போது பூமயில் எழுந்தாள், ஆடு மேய்க்கிறவள்.
"அதுல ஒண்ணு கழுத்துல பச்சை வளையல் போட்டுருக்கு.
எழுத்துக்கூட இருக்கு. எவளோ போட்டுவிட்ட பிள்ளை.
வளையல் போட்ட பிள்ளையை வெடி வச்சா வெரட்டுவீக?"

அவள் மகன் கைபேசியில் அந்த எழுத்தைப் பிடித்து
யாருக்கோ அனுப்ப, பதினோரு நாள் கழித்துப் பதில் வந்திருந்தது.
மங்கோலியாவில் ஒரு ஏரி.
வளையம் மாட்டப் பிடித்துக்கொடுத்தவர்கள்
அந்தக் கரையில் மந்தை மேய்க்கிறவர்கள்.
குஞ்சு பொரித்து இறங்கும்வரை
முட்டைத் திட்டுப் பக்கம் ஒரு குளம்பும் போவதில்லை என்று
அவர்களுக்குள் ஒரு ஊர்க்கட்டு.
அங்கிருந்து கிளம்பி
மனிதனுக்கு மூச்சுப் போதாத உயரத்தில்
இமயமலையை ராத்திரியோடு ராத்திரியாகத் தாண்டி
நம் சேவுகன் வயலுக்கு.

"அங்கன வெள்ளாடா, செம்மறியா?" என்றாள் பூமயில்.
யாருக்கும் தெரியவில்லை.

அங்கேயும் ஒரு சேவுகன் இருந்திருப்பான்,
புல்லெல்லாம் திட்டோடு போச்சே என்று.
அங்கேயும் ஒருத்தி, பேனா மை உறைந்துபோக,
உள்ளங்கையில் உருட்டி உருட்டி
எழுதியிருப்பாள்.
இதெல்லாம் நோட்டில் இல்லை.

ஆதரவு முப்பத்தெட்டு. எதிர்ப்பு இருபத்து மூன்று.
ரெண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.
எதிர்ப்பில் ஒரு கை என்னுடையது. இடது கை.
வலது கை எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்தது.

தீர்மானம்:
மடை பங்குனி பத்து வரை பூட்டு. சாவி பூமயிலிடம்.
மலைக்கண்ணுக்கு ஏலத்தில் கால் பங்கு தள்ளுபடி.
மேய்ந்த பயிருக்கு ஏக்கருக்கு நாலு மூட்டை,
ஆயக்கட்டில் எல்லாக் களத்திலிருந்தும் பிரித்து.
கலுங்கு அடுத்த வருஷம்.
சேவுகன் தந்த வெடிப் பெட்டி சங்கத்துப் பீரோவில்.
அதை வரவில் எழுதுவதா என்று யாரும் சொல்லவில்லை.

மாசி முழுக்க விரிசலில்
சாக்கும் களிமண்ணும் திணித்தபடி இருந்தேன்.
திட்டிக்கொண்டேதான்.

பங்குனி எட்டு. விடியுமுன் கதவு தட்டல்.
"போயிருச்சுக," என்றாள் பூமயில்,
"பூட்டிக் கெடக்குற பெரிய வீட்டு ஓட்டுக்கு மேல, வடக்காமல்.
வளையல்காரி நடுவுல."
சாவியை என் கையில் வைத்துவிட்டு ஆட்டுக்குப் போனாள்.

ஏழு மணிக்கு வலையோடு மலைக்கண்ணு.
கண்மாயில் ஒரு சிறகு இல்லை.
"அதான் போயிருச்சே, தெறங்க."

முந்தானை முடிச்சில் சாவி கனத்தது.
பத்து என்று எழுதியிருக்கிறது, என்றேன்.