காயாத பாலை

நெல்லித்தோப்பில் என் ஃபிரேம் கடைக்கு
ஐப்பசி மழையில்
உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு வருவார்
சொல்தா லெயோன் சவரிராயர்.
சாக்குக்குள் பாலைவனம்.

பெயிண்ட் இன்னும் காயலையே என்பேன்.
ஜிபூத்தியில் தூரிகை எடுக்கும்முன் காயும் என்பார்,
ஏதோ என் குற்றம்போல.

மணலுக்கு மணல் நிறமே கிடையாது அவரிடம்.
நிழலில் கத்தரிப்பூ,
மேட்டில் கொஞ்சம் மாம்பழத்தோல்,
தூரத்தில் வெறும் வெள்ளை, கண் கூசும்.
கிட்டே போனால் எல்லாம்
அப்பிவைத்த பிசுபிசுப்பு.
எதிரே டயர் கடை வாசலில் நின்று பார்த்தால்
அனல் அடிக்கிறது.

ஒருதரம் கேட்டேன்:
ஆள் ஒருத்தரும் இல்லையே இதில்?
"இருந்தோம்" என்றார்.
எண்ணி வைத்த நோட்டுகளை
மறுபடி எண்ணினார்.

கார்த்திகையில் ஒரு படம் திரும்பி வந்தது.
கண்ணாடிக்குள் பூஞ்சை,
மணல்மேட்டோரமாய்ச் சாம்பல் பச்சையில்
பொடிப்பொடியாக.
துடைத்துத் தருகிறேன் என்று துணியை எடுத்தேன்.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்,
நெடுநேரம்.

"விடுப்பா.
மூணு வருஷம்
மழைக்குக் காத்திருந்தேன் அங்கே."

சாக்கடை பொங்கி
கடையின் இரண்டாம் படியில்
ஏறிக்கொண்டிருந்தது தண்ணீர்.