மாமியார் படி

வல்திவியாவில் ஜூன் மாதத்து மழை
வந்து போவதில்லை, குடியிருக்கிறது.

மரமறுக்கும் ஆலைக்கு நான் போன காலை
வாசல் பலகை சொன்னது:
விபத்தின்றி 412 நாட்கள்.
பலகைக்குக் கீழே தேங்கிய நீரில்
தோலுரிந்த வயர் ஒன்று,
அடித்துப் போட்ட பாம்பு மாதிரி கிடந்தது.
சோதனைப் பேனாவை நீட்டினேன்.
விளக்கு எரிந்தது. பாம்பு சாகவில்லை.
மெயினை அணைக்க ஆள் வரும்வரை
குடையோடு அங்கேயே நின்றேன்,
வருகிறவர்களையெல்லாம் சுற்றிப் போகச் சொல்லி.

என் வேலை பார்ப்பது.
பார்த்ததை எழுதுவது.
எழுதியதை யாராவது சரிசெய்யும்வரை
கடன்காரனைப் போல்
திரும்பத் திரும்ப வந்து நிற்பது.

பெரிய ரம்பத்தின் காப்பு மூடி
கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தது.
அதன் விளிம்பில் யாருடைய ரொட்டிப் பொட்டலமோ.
"மூடி போட்டால் தூள் அடைக்கும்"
என்றார் நோல்பெர்த்தோ உவென்ச்சுயான்,
ஒன்பது விரல்களால் தொப்பியைச் சரிசெய்தபடி.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
"அது வேறு ஆலையில் போனது" என்றார்.

அவசர நிறுத்தப் பொத்தானைக் காணோம்.
தேடினால், ஒரு நனைந்த கோட்டுக்குள் இருந்தது.
யாஸ்னாவின் கோட்டு.
"வேறு எங்கே மாட்டுவது?" என்றாள்.
நியாயமான கேள்வி.
குறிப்பேட்டில் எழுதினேன்: ஓர் ஆணி தேவை.

பிறகு அந்த இரும்புப் படிக்கட்டு.
பதினான்கு படி. ஏழாவது மட்டும்
மூன்று சென்டிமீட்டர் உயரம்.
அளவுகோல் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது,
தடுக்கி விழுந்த முழங்கால் சொல்லி அல்ல என்று
பொய் சொல்ல ஆசைதான்.

அவர்கள் யாரும் தடுக்கவில்லை.
கைநிறையச் சுமையோடு, பேசிக்கொண்டே,
ஏழாவதில் மட்டும் காலைக் கொஞ்சம் தூக்கி
ஏறிப் போனார்கள்.
அதற்கு அவர்கள் வைத்த பெயர் மாமியார்.
புதிதாக வந்தவர் அவளிடம் ஒருமுறை விழ வேண்டும்.
போன மாதம் கத்ரிலெஃப் என்ற பையன் விழுந்து
உதட்டில் நாலு தையல்.
"என் கவனக்குறைவு" என்று அவனே சொன்னதால்
பலகையில் ஏறவில்லை.

சனிக்கிழமை எதெல்மிரா வெல்டிங் கருவியோடு வந்தாள்.
மாமியாரை வெட்டி இறக்கி,
மற்ற பதின்மூன்றோடு சமமாக்கி,
ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை ஆறு பேர் தடுக்கினார்கள்.

தூக்கிய கால்
அங்கே இல்லாத உயரத்தைத் தேடி
காற்றில் இறங்கியது.
நோல்பெர்த்தோவுக்கு முட்டியில் ரத்தம்.
இம்முறை நானே எழுதினேன், எழுதித்தான் ஆகவேண்டும்.
பலகை பூஜ்யமாயிற்று.
மேலாளர் தொலைபேசியில் கேட்டார்:
"சரியாக இருந்ததை எதற்குச் சரிசெய்தீர்கள்?"

இருபது வருடமாக ஒரு தப்பை
அத்தனை கால்களும் மனப்பாடம் செய்திருந்தன.
படியை ஒரு மத்தியானத்தில் வெட்டிவிட்டோம்.
கால்களை எதனால் வெட்டுவது?

மஞ்சள் பெயின்ட் வாங்கிவந்து
எல்லாப் படி விளிம்பிலும் பூசினேன்.
ஒவ்வொரு ஷிப்டுக்கும் அடிப்படியில் நின்று
"இறங்கியிருக்கிறது, இறங்கியிருக்கிறது" என்று
மீன் விற்கிறவளைப் போல் கூவினேன்.
மூன்றாம் நாள் என்னைப் பார்த்து நக்கலாகக் கூவினார்கள்.
கூவட்டும். கூவுகிறவர் குனிந்து பார்க்கிறார்.

ஒன்பதாம் நாள்
கையில் மாத்தே குவளை, வாயில் கால்பந்துக் கதை,
நோல்பெர்த்தோ ஏறினார்.
ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.
உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தார்,
எதையோ கீழே மறந்துவைத்தவர் போல.
குவளையில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

யாஸ்னாவின் கோட்டு ஆணியில் தொங்குகிறது.
வயர் குழாய்க்குள் போய்விட்டது.
ரம்பத்தின் மூடி மட்டும்
இன்னும் சுவரோரம்.
ரொட்டிப் பொட்டலம் இல்லை, மூடி இருக்கிறது.
"தூள் அடைக்கும்" என்றார் மறுபடியும்,
ஆனால் இம்முறை மூடியைப் பார்த்துக்கொண்டு.

தூள் உறிஞ்சும் குழாய்க்கு விலை கேட்டிருக்கிறேன்.
வியாழன் வருகிறேன் என்றேன்.
வெளியே மழை.
பலகையில் ஒன்பது.