சத்தத்தின் எடை

இரண்டு குவளை மாவு, ஒன்று உப்பு, ஒன்று தண்ணீர்.
தண்ணீரை மட்டும் ஒரே மூச்சில் ஊற்றிவிடக் கூடாது.
நான் ஊற்றிவிட்டேன்.
விரலிடுக்கில் கூழாய் வழிந்ததைப் பார்த்துவிட்டு
வில்யா சொன்னாள்:
"அம்மான்னா அளந்திருப்பா."

அம்மா போத்னியா வளைகுடாவில்,
பனி உடைக்கும் கப்பலின் அடிவயிற்றில்.
இயந்திர அறை. பத்து நாள் அங்கே, பத்து நாள் இங்கே.
கெமியில் இது
சூரியன் பதினொரு மணிக்கு எட்டிப் பார்த்து
கடன்காரனைக் கண்டவன்போல் ஒளிந்துகொள்ளும் மாதம்.

இன்னும் அரைக் குவளை மாவு. பிசைந்தேன்.
நேற்று மீன் டின் கீறிய இடத்தை
உப்பு தானே தேடிக் கண்டுபிடித்தது.

"நம்ம கடல்லயும் இவ்ளோ உப்பா?"
இல்லை. ஆறுகள் வந்து வந்து கலைத்த கடல் நம்முடையது,
உப்புப் போட மறந்த சூப்.
அதனால் சீக்கிரம் உறைகிறது,
அதனால்தான் அம்மாவுக்கு வேலை.
அந்த வரிசையை அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்:
உப்பு இல்லை, பனி, அம்மா இல்லை.

பிறகு கப்பல் செய்தாள்.
மழுங்கிய மூக்கு, நான்கு புகைபோக்கி
(இரண்டு போதும் என்றேன், கேட்கவில்லை),
பல்குச்சியால் குத்திய சன்னல்கள்.
ஒரே ஒரு சன்னல் மட்டும் நீர்மட்டத்துக்குக் கீழே.
யாருக்கென்று நான் கேட்கவில்லை.

ஆர்னிக்கு நான்கு வயது.
எந்த விளையாட்டிலும்
உப்புக்குச் சப்பாணியாய் அக்கா சேர்த்துக்கொள்கிறவன்.
உருட்டினான். தட்டினான். மறுபடி உருட்டினான்.
நடுவில் முஷ்டியால் ஒரு குழி.
உருளைக்கிழங்கா? இல்லை.
கடல்நாயா? இல்லை.
"கப்பலோட சத்தம்" என்றான்,
இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.
ஒருமுறை அம்மா அவனைக் கீழே கூட்டிப்போயிருந்தாள்.
காதில் மாட்டிய பெரிய மஞ்சள் மூடியையும் மீறி
அது பல்லுக்குள் வந்ததாம்.

அடுப்பு எண்பது டிகிரி. மூன்று மணி நேரம்.
வீடு முழுக்க
யாரும் தின்னப்போகாத ரொட்டியின் மணம்.

யாரும் என்றேனா.

ஆறவைத்த தட்டில் கப்பல் மட்டும் இருந்தது.
மேசைக்கடியில் முர்ரே, மீசையில் துகள்.
கால்நடை மருத்துவர் போனில் நிதானமாகக் கேட்டார்.
நாயின் எடை? பதினெட்டு கிலோ.
எவ்வளவு நேரமாயிற்று? கால் மணி.
தின்றது எவ்வளவு பெரிது? என் கைப்பிடி அளவு.
உப்பு மாவு நாய்க்கு விஷம், தெரியுமா?
தெரியாது. இப்போது தெரியும்.
"சத்தத்தைத் தின்னுட்டான்!" என்று
ஆர்னி பின்னாலிருந்து அலறியதை
அவர் எந்தக் கட்டத்தில் குறித்தாரோ.

தோர்னியோ வரை இருபத்தைந்து கிலோமீட்டர்.
ஒரு ஊசி. ஒரு வாளி.
வில்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்,
ஆர்னி வாளிக்குள் பார்த்தான்.
"முழுசா வந்துச்சா?"
"பெரும்பாலும்" என்றார் மருத்துவர்.
திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்லை
மிட்டாய் மாதிரி அவன் ஒதுக்கி வைத்திருந்தான்.

எட்டாம் நாள் சைமி வந்தாள்.
சன்னலோரத்து ஈரத்தை உறிஞ்சி
கப்பல் இளகிப் போயிருந்தது;
ஒரு புகைபோக்கி தலை சாய்ந்து தூங்கியது.
கீழ்ச் சன்னலை நகத்தால் தொட்டுப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
கோட்டுப் பொத்தான்கூடக் கழற்றவிடாமல்
ஆர்னி அவளை முர்ரேயிடம் இழுத்துப் போனான்.

டீசல் வாசனையோடு தரையில் படுத்து
நாயின் வயிற்றில் காது வைத்தாள்.
வெகுநேரம்.
முர்ரே மூச்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது.

"மூணாவது இன்ஜின்" என்றாள்.
"கொஞ்சம் எண்ணெய் கேக்குது."

வில்யா நம்பவில்லை.
ஆனாலும் வரிசையில் நின்றாள்.